இடதுபுறம் இல்லாத வீடு

ஜெயராக்கினியின் வீட்டில் இடதுபுறம் என்று ஒன்று கிடையாது. சுவர் இருந்தது, ஜன்னல் இருந்தது, ஜன்னலுக்கு வெளியே ஒரு முருங்கை மரமும் இருந்தது. ஆனால் அவளுடைய இடது பக்கம் நின்று அந்த வீட்டில் யாரும் வாய் திறப்பதில்லை. புருஷன் இன்னாசி சாப்பிட உட்கார்ந்தால் வலது பக்கம். மகள் செரா கதை கேட்கப் படுத்தால் வலது பக்கம். விருந்தாளி யாராவது விவரம் தெரியாமல் இடது பக்கம் உட்கார்ந்துவிட்டால், இன்னாசி நைசாக எழுந்து ஃபேன் காற்று அங்கே வராது என்று ஏதாவது சொல்லி ஆளை இடம் மாற்றிவிடுவான்.

பத்தொன்பது வயதில் அவளுக்குப் பொன்னுக்கு வீங்கி வந்தது. வீக்கம் வடிந்தபோது இடது காதின் கேட்கும் சக்தியும் கூடவே போய்விட்டது. ஒரு காது போனால் பாதிதானே நட்டம் என்று பேசுகிறவர்கள் உண்டு. அவர்களை ஒரு காதில் பஞ்சடைத்துத் தூத்துக்குடி பஸ் ஸ்டாண்டில் கொண்டுபோய் விட வேண்டும். சத்தம் எல்லாம் கேட்கும். எங்கிருந்து வருகிறது என்பது மட்டும் தெரியாது. ஹாரன் கேட்கும், எந்தப் பக்கம் ஒதுங்குவது என்று தெரியாது. பெயர் சொல்லி யாரோ கூப்பிடுவார்கள், பேந்தப் பேந்த விழித்துக்கொண்டு ஒரு சுற்று சுற்ற வேண்டும். கல்யாணப் பந்தியில் இடது பக்கம் இருந்தவர் நாலு தரம் பேச்சுக் கொடுத்துப் பார்த்துவிட்டு, இவளுக்கு எவ்வளவு திமிர் என்று முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

பெண் பார்க்க வந்த அன்றே அவள் இன்னாசியிடம் சொல்லிவிட்டாள். அம்மா கண்ணால் மிரட்டியதையும் பொருட்படுத்தாமல், "எனக்கு இந்தக் காது கேக்காது" என்றாள். அவன் உட்கார்ந்திருந்த நீல பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு அவளுடைய வலது பக்கம் வந்து போட்டு, "இப்பம் கேக்குதா?" என்றான். அந்த நிமிடமே இவன்தான் என்று அவள் முடிவு செய்துவிட்டாள். அன்றைக்கு வலது பக்கம் வந்தவன்தான், பிறகு மாறவே இல்லை.

செரா பிறந்த பிறகு அவளைப் புதிதாக ஒரு பயம் பிடித்தது. வலது காது தலையணையில் அழுந்திவிட்டால் உலகமே அடங்கிவிடும், பிள்ளை அழுதால் தெரியாது. தொட்டிலில் ஒரு நூலைக் கட்டி மறுமுனையைத் தன் மணிக்கட்டில் முடிந்துகொண்டுதான் தூங்குவாள். பிள்ளை வளர்ந்து நடக்க ஆரம்பித்ததும் நூல் போதவில்லை. பிள்ளை கூப்பிட்டால் எந்தத் திசையில் ஓடுவது என்று தெரியாத தாயாகவே கடைசிவரை இருந்துவிடுவோமோ என்பதுதான் அவள் பயம். கடற்கரைக்கோ திருவிழாவுக்கோ செராவைத் தனியாகக் கூட்டிப்போக அவள் துணிந்ததே இல்லை.

துணைச்செவி வந்தது இதற்குப் பிறகுதான். சட்டைப் பொத்தான் அளவில் இடது காதுக்குப் பின்னால் ஒட்டிக்கொள்ளும் ஒரு வட்டு, எலும்புக்குள் அதனுடைய ஜோடி. திருநெல்வேலியில் அதைப் பொருத்திவிட்ட செவி மருத்துவர் ஹலீமா காயல்பட்டினத்துக்காரி. ஜெயராக்கினியைவிட வயதில் சின்னவள், வாய்க்கு வாய் அக்கா என்பாள்.

"இது சும்மா சத்தத்தைக் கூட்டிக் குடுக்குற மெஷின் இல்லக்கா. உங்க இடது காது நரம்புக்கு அவ்வளவு தெம்பு கிடையாது. கேட்டதை எல்லாம் அப்படியே அனுப்புனா அது குழம்பிப் போயிரும். அதனால இது ஊகிக்கும். இது யாரு குரல், எங்கிருந்து வருதுன்னு தானா ஒரு முடிவுக்கு வந்து, அதுக்கு ஏத்த மாதிரி நரம்பைத் தட்டும்."

"தப்பா ஊகிச்சிட்டா?" என்று கேட்டாள் ஜெயராக்கினி. எதிலும் முதலில் பயத்தைத் தேடுகிற மனசு அவளுக்கு.

"அதுக்குத்தான் மொதல் மூணு மாசம் பழக்கம். வீட்டாளுங்க எல்லாப் பக்கமும் நின்னு பேசணும். மத்தபடி எப்பவும் போல இருங்க. அது உங்க வாழ்க்கையைப் பாத்துக் கத்துக்கும்."

வீட்டுக்கு வந்த முதல் நாள் ஒரே கூத்து. இன்னாசி இடது பக்கம் நின்று பேசினான், பின்னால் நின்று பேசினான், கட்டிலுக்கு அடியில் படுத்துக்கொண்டும் பேசினான். செரா சிரித்துச் சிரித்து விக்கல் எடுத்தாள். மறுநாள் காலையில் இன்னாசி காப்பித் தம்ளரோடு வந்து வலது பக்கம் உட்கார்ந்தான். செராவும் வந்து வலது பக்கம் உட்கார்ந்தாள். அப்படி உட்கார்ந்தது அவர்களுக்கே தெரியாது. ஜெயராக்கினிக்கும் தெரியவில்லை.

மூன்றாவது வாரம் அடுப்படியில் நின்றபோது மாதா கோயில் மணி அடித்தது. அந்த மணிக்கு ஓர் இடம் இருந்தது. இடது பக்கம், முருங்கை மரத்துக்கும் அப்பால். அவள் கரண்டியைப் போட்டுவிட்டு அந்தத் திசையில் கையை நீட்டிக்கொண்டு நின்றாள். இன்னாசி வந்து பார்த்து, என்ன ஏது என்று புரிந்ததும் அவள் தலையைத் தடவிக்கொடுத்தான்.

அவள் பில் போடும் வேலை பார்க்கிற மக்ரூன் இனிப்புக் கடையில் இடது பக்கம் நின்று "அரைக் கிலோ" என்று சொன்னவரை அவள் நேராகத் திரும்பிப் பார்த்தாள். ஹலீமாவின் சோதனை அறையில் சுற்றிலும் வைத்த ஸ்பீக்கர்களில் எது பேசினாலும் குறி தப்பாமல் கைகாட்டினாள். ஹலீமா எழுந்து நின்று கைதட்டினாள்.

வீட்டிலும் குறையில்லை. செரா "அம்மா" என்றால் வலது பக்கம் கேட்கும். திரும்பினால் செரா வலது பக்கம் நிற்பாள். சில நேரம் பிள்ளைக்கு மூச்சு இரைக்கும்.

"ஏன்ட்டி இப்படி இரைக்கி?"

"வெளையாடுதேன்மா" என்பாள். ஆறு வயசுப் பிள்ளை வேறு என்ன செய்யும் என்று ஜெயராக்கினி அதை அத்தோடு விட்டுவிடுவாள்.

அந்த வருஷம் மாதா கோயில் திருவிழாவுக்கு அவளே செராவைக் கூட்டிக்கொண்டு போனாள். இன்னாசி சப்பரம் தூக்குகிற ஆட்களோடு முன்னமே போய்விட்டான். போகும்போது "கையை விட்றாத" என்று மட்டும் சொன்னான். "எனக்குத்தான் இப்பம் ரெண்டு காது இருக்கே" என்றாள் அவள். பெருமையாகச் சொன்னாளே தவிர, வழியெல்லாம் செராவின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டுதான் நடந்தாள்.

பலூன் கடை ஓரமாக இருவரும் நின்றார்கள். மேளச் சத்தம் நெருங்கியது. சப்பரத்துக்கு வழிவிடச் சொல்லி, கயிறு பிடித்த தொண்டர்கள் கூட்டத்தை இரண்டு பக்கமும் தள்ளினார்கள். யாரோ ஒரு பெண்ணின் முழங்கை இடித்தது. ஜெயராக்கினி தடுமாறி நிமிர்ந்தபோது கைக்குள் செராவின் கை இல்லை.

"அம்மா!"

வலது பக்கம். சந்தேகமே இல்லை, வலது பக்கம்தான். பழைய ராக்கினியாக இருந்தால் நின்ற இடத்தில் சுற்றிச் சுற்றி வந்திருப்பாள். இந்த ராக்கினிக்குத் திசை தெரியும். கூட்டத்தை இடித்துக்கொண்டு வலது பக்கம் பாய்ந்தாள்.

"அம்மா!" மறுபடியும் அதே பக்கம். ஆனால் குரல் சற்று மெலிந்திருந்தது. இன்னும் வேகமாகப் போனாள். மிட்டாய்க் கடை தாண்டி, ராட்டினம் தாண்டி, ரோட்டுக்குப் போகிற சந்து வரைக்கும் போனாள். அவள் நெருங்க நெருங்கக் குரல் தேய்ந்துகொண்டே போயிற்று. அதற்கு ஒரே ஓர் அர்த்தம்தான் அவளுக்குத் தெரிந்தது. பிள்ளையை எவனோ தூக்கிக்கொண்டு போகிறான்.

சந்து முனையில் ஒருவன் தோளில் மஞ்சள் கவுன் போட்ட பிள்ளை ஒன்றைச் சாய்த்துக்கொண்டு வேகமாக நடந்துகொண்டிருந்தான். செராவுக்கும் மஞ்சள் கவுன்தான்.

"பிடிங்க! ஏ, அவனைப் பிடிங்க! எம்பிள்ளையக் கொண்டுட்டுப் போறான்!"

கூட்டத்துக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? நாலு பேர் பாய்ந்தார்கள். ஒருவன் சட்டையைப் பிடித்தான், இன்னொருவன் விசாரிக்காமலேயே கன்னத்தில் ஒன்று விட்டான். தோளில் தூங்கிக்கொண்டிருந்த பிள்ளை வீறிட்டு விழித்துத் திரும்பியது. அது செரா இல்லை.

"எம்பிள்ளய்யா இது... காய்ச்சலா இருக்குன்னு வீட்டுக்குக் கொண்டு போறேன்" என்றான் அவன். உதடு கிழிந்து ரத்தம் வந்தது. ஜெயராக்கினி கையெடுத்துக் கும்பிட்டாள். அவன் அவளை ஏறிட்டுப் பார்த்துவிட்டு, பிள்ளையின் கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு போய்விட்டான். அவள் உடம்பெல்லாம் கூசிப்போய் நின்றாள்.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. குரலைத் தேடிப் போனேன், குரல் தேய்ந்தது. பிள்ளை தூரப் போகவில்லை, நான்தான் தூரப் போயிருக்கிறேன்.

காதுக்குப் பின்னால் கையை விட்டு வட்டைப் பிடுங்கினாள். இடது பக்கம் பழையபடி செத்துப்போனது. பலூன் கடைக்குத் திரும்ப ஓடினாள். கண்ணை மூடிக்கொண்டு, அந்தக் காலத்தில் செய்தது போல, மெல்லத் தலையைத் திருப்பினாள். எந்தப் பக்கம் சத்தம் கனக்கிறதோ அந்தப் பக்கம்தான் ஆள். "அம்மா" என்பது ஒரே ஓர் இடத்தில் கனத்தது. அவள் ஓடியதற்கு நேர் எதிர்த் திசையில்.

தொண்டர்கள் கத்தக் கத்தக் கயிற்றுக்கு அடியில் குனிந்து நுழைந்தாள். அந்தப் பக்கம், கயிற்றை ஒட்டினாற்போல், தொண்டை கட்டிப்போய் நின்றிருந்தாள் செரா. ஜெயராக்கினி அவளை அள்ளி எடுத்தாள்.

"கயிறு இருந்துச்சும்மா" என்று விசும்பினாள் பிள்ளை. "அந்தப் பக்கம் வர விடல. நான் கேட்டேன், விடவே இல்ல."

"பரவால்ல, பரவால்ல" என்று சொல்லி முத்தமிட்டாளே தவிர, பிள்ளை என்ன சொல்கிறாள் என்று ஜெயராக்கினி அப்போது யோசிக்கவில்லை.

மறுநாளே மூவரும் திருநெல்வேலியில் இருந்தார்கள். ஹலீமா வழக்கமான சோதனையை வைத்தாள். எட்டு ஸ்பீக்கர், எட்டிலும் சரியாகக் கைகாட்டினாள் ஜெயராக்கினி.

"மெஷின் நல்லாத்தானக்கா இருக்கு. கூட்டத்துப் பதட்டத்துல ஒருவேளை..."

"பதட்டம் எனக்குப் புதுசா?" என்றாள் ஜெயராக்கினி. "எம்பிள்ள குரலை வச்சுப் பாருங்க."

ஹலீமா செராவை மைக் முன்னால் உட்கார வைத்து "அம்மா" என்று சொல்லச் சொன்னாள். அதை இடது பக்க ஸ்பீக்கரில் போட்டாள். ஜெயராக்கினி கொஞ்சமும் தயங்காமல் வலது பக்கம் கைகாட்டினாள். பின்பக்க ஸ்பீக்கரில் போட்டாள். வலது பக்கம் கைகாட்டினாள். இன்னாசியைப் பேச வைத்துப் பார்த்தாள், அதுவும் அப்படியே. ஹலீமாவின் முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது. கணினியில் எதையெதையோ திறந்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணே, வீட்டுல நீங்க எந்தப் பக்கம் நின்னு பேசுவீங்க?"

"வலது பக்கம்தான். இந்தப் பத்து வருஷமா" என்றான் இன்னாசி. சொல்லும்போது அவன் குரலில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

"பழக்குற அந்த மூணு மாசம்?"

இன்னாசி தான் உட்கார்ந்திருந்த நாற்காலியைப் பார்த்தான்; அதுவும் ஜெயராக்கினியின் வலது பக்கம்தான் கிடந்தது.

"இது வீட்டைப் பாத்துக் கத்துக்கிட்டிருக்குண்ணே. இந்த ரெண்டு குரலும் வலது பக்கம் மட்டும்தான் இருக்கும்னு முடிவு பண்ணிருச்சு. அதனால இந்தக் குரல் எங்கேருந்து வந்தாலும், இடது காதுல ஒரு கண்ணிமை நேரம் பிடிச்சு வச்சு, சத்தத்தையும் கொறச்சு அனுப்புது. அப்படி அனுப்புனா வலது பக்கம்தான்னு தோணும். தெரியாத ஆளுங்க விஷயத்துல இதுக்கு ஒரு முன்முடிவும் இல்ல, அதனால சரியாச் சொல்லுது. சொந்தக்காரங்களைத்தான்..." என்று இழுத்தாள் ஹலீமா.

ஊரார் எங்கே நிற்கிறார்கள் என்று தெரிகிறது, பெற்ற பிள்ளை எங்கே நிற்கிறது என்று தெரியவில்லை. ஜெயராக்கினிக்குச் சிரிப்பதா அழுவதா என்று புரியவில்லை. அடிபட்டவனின் உதடுதான் கண்ணுக்குள் வந்து நின்றது.

"ஆனா ஒண்ணு எனக்குப் பிடிபடலக்கா" என்றாள் ஹலீமா. "தப்பா ஊகிச்சா இது தானாவே திருத்திக்கணும். நீங்க ஒரு பக்கம் திரும்புவீங்க, ஆளு இருக்காது, உடனே மறு பக்கம் திரும்புவீங்க. அந்தத் தலை அசைவை வச்சு, ஆகா நம்ம ஊகம் தப்புன்னு கத்துக்கும். பாப்பா குரல்ல உங்களுக்கு அந்த ரெண்டாவது திரும்பல் ஒரு தடவைகூடப் பதிவாகல. அண்ணனாவது எப்பவும் வலது பக்கம் இருப்பாங்க, சரி. பிள்ளை ஓடியாடுற பிள்ளை. நீங்க திரும்புன பக்கம் எல்லாம் அவ எப்படி இருந்திருப்பா?"

நாற்காலியில் காலை ஆட்டிக்கொண்டிருந்த செரா ஆட்டுவதை நிறுத்தினாள்.

"நான் ஓடியாந்துருவேன்" என்றாள்.

"எங்கேருந்து மக்கா?" என்று கேட்டான் இன்னாசி.

"அம்மா தப்புப் பக்கம் திரும்புவாங்கல்லா. அவங்க திரும்பி முடிக்கதுக்குள்ள நான் பின்னால ஓடி அந்தப் பக்கம் வந்து நின்னுக்கிடுவேன்." அவள் அம்மாவைப் பார்க்காமல் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "புதுக் காது வந்ததுல அம்மாவுக்கு ரொம்ப சந்தோஷமா இருந்துச்சு. வேல செய்யலன்னு தெரிஞ்சா அழுவாங்கல்லா... திருவிழால கயிறு இருந்துச்சு. அதான் வர முடியல."

ஜெயராக்கினி எழுந்துபோய்ப் பிள்ளையின் முன்னால் மண்டியிட்டாள். எத்தனையோ தடவை இரைத்த அந்த மூச்சு எல்லாம் சேர்ந்து இப்போது அவள் நெஞ்சை அடைத்தது. தொட்டிலில் நூல் கட்டிக்கொண்டு தூங்கியவள் அவள். அந்த நூலின் மறுமுனையில் பிள்ளையும் தூங்காமல் கிடந்திருக்கிறது என்று அவளுக்குத் தெரியாமல் போய்விட்டதே.

ஹலீமா ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டாள். திரும்பியபோது அவள் முகம் வெளுத்திருந்தது.

"ஒத்தைக் காது உள்ளவங்க வீடு எல்லாமே இப்படித்தானே இருக்கும்? பிரியம் இருக்குற வீட்டுல எல்லாரும் கேக்குற பக்கம்தானே வந்து நிப்பாங்க? நான் அத்தனை பேரையும் ஸ்பீக்கர்ல யாரோ பேசுன குரலை வச்சுத்தான் சோதிச்சு அனுப்பியிருக்கேன். அவங்க வீட்டுக் குரலை வச்சு ஒருத்தரைக்கூடப் பாக்கலயே. அதுல பஸ் ஓட்டுறவரு ஒருத்தர் இருக்காருக்கா, கண்டக்டர் குரலும் அவருக்குத் தெனமும் ஒரே பக்கம் கேக்குற குரல்தானே."

"இப்பம் எங்களுக்கு என்ன வழி?" என்றான் இன்னாசி.

"ரெண்டு வழி. இப்படியே விட்டுட்டு, வெளிய போனா பாப்பா கையை விடாம பிடிச்சுக்கலாம். இல்லன்னா உங்க ரெண்டு பேரு குரலையும் மெஷின்ல இருந்து அழிச்சுட்டு மொதல்ல இருந்து பழக்கணும். அழிச்சா, கொஞ்ச காலத்துக்கு உங்க குரல் அந்தக் காதுக்கு அந்நியம். தகர டப்பாக்குள்ள யாரோ பேசுற மாதிரி இருக்கும். வலது காதுல கேக்குற பாப்பாவும் இடது காதுல கேக்குற பாப்பாவும் வேற வேற ஆளாத் தெரியும். சில பேரால அதைத் தாங்க முடியாது. கழட்டி வச்சிருவாங்க."

"கையைப் பிடிச்சுக்கிடுதேன்னுதான் அன்னைக்கும் போனேன்" என்றாள் ஜெயராக்கினி. "அழிச்சிருங்க."

வீடு திரும்பிய மாலை இன்னாசி, அவள் அம்மா வீட்டிலிருந்து கூடவே வந்த அந்தப் பழைய நீல பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுவந்து அவளுடைய வலது பக்கம் போட்டான். போட்ட பிறகுதான் நினைவு வந்து, நாக்கைக் கடித்துக்கொண்டு, தூக்கி இடது பக்கம் வைத்தான். அங்கே உட்கார்ந்தவனுக்குக் கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. புது மாப்பிள்ளையைப் போல நெளிந்தான். "கேக்குதா?" என்று அவன் கேட்டது யாரோ கரகரத்த குரல்காரன் கேட்டதாக அவள் இடது காதில் விழுந்தது. கண் கலங்கினாலும் தலையை ஆட்டினாள்.

அடுத்து செராவின் முறை.

"நல்லாக் கேட்டுக்கோ தாயி" என்றாள் ஜெயராக்கினி. "நீ எங்க வேணாலும் நின்னு கூப்பிடு. நான் தப்பாத் திரும்புனாலும் நீ ஓடி வரக்கூடாது. நான் அழுதாலும் வரக்கூடாது. நின்ன எடத்துலயே நிக்கணும். நான்தான் உன்னைக் கண்டுபிடிக்கணும்."

"நீங்க கண்டுபிடிக்கலன்னா?"

ஜெயராக்கினி பிள்ளையின் கன்னத்தைத் தட்டிவிட்டு, அறையின் நடுவில் போய் நின்று கண்ணை மூடிக்கொண்டாள்.

கொஞ்ச நேரம் ஒன்றுமே கேட்கவில்லை. மேலே ஃபேன் ஓடுகிற சத்தம் மட்டும். பிறகு, "அம்மா."

ஒரு காதில் தன் பிள்ளை, இன்னொரு காதில் தகர டப்பாவுக்குள் இருந்து யாரோ ஒரு பிள்ளை. அவள் பயந்துபோய், பழகிய கழுத்து இழுத்தபடியே சட்டென்று வலது பக்கம் திரும்பிக் கண்ணைத் திறந்தாள். வெறும் சுவர். மாதா படம் போட்ட காலண்டர் மட்டும் காற்றில் ஆடிக்கொண்டிருந்தது.

அவள் காத்திருந்தாள். காலடிச் சத்தம் கேட்கவில்லை. இத்தனை நாளில் முதல் தடவையாக, திரும்பிய பக்கத்தில் பிள்ளை இல்லை. திருவிழாவில் கை காலியான அந்த நிமிடம் மறுபடி வந்தது. ஒரு வார்த்தை சொல்லிக் கூப்பிட்டால் போதும், ஓடி வந்துவிடுவாள். அவள் கூப்பிடவில்லை.

மெதுவாக, அரைச் சுற்றுச் சுற்றி, இடது பக்கம் திரும்பினாள்.

முருங்கை மரத்து ஜன்னல் ஓரத்தில் செரா நின்றிருந்தாள். கண்ணில் இருந்து பொலபொலவென்று நீர் வழிந்துகொண்டிருந்தது. ஓடி வந்துவிடாமல் இருப்பதற்காக ஜன்னல் கம்பியை இரண்டு கையாலும் இறுகப் பிடித்துக்கொண்டிருந்தாள்.